இடது கை பட்டனில் ஒரு பச்சைக் கயிறு

அத்தியாயம் 11

மூன்று விரல்களைத் தின்ற மெஷினை மறுநாள் காலையே துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். ஃபிரடியால் தாங்க முடியாமல் போனது அதைத்தான்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுக்குத் தகடு அடித்துத் தரும் கம்பெனி அது. அங்கே நாலாம் நம்பர் பிரஸ். அந்த மெஷின் இறங்க வேண்டுமானால் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். கை பட்டன்மேல் இருந்தால் மெஷினுக்குள் இருக்காது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

ஆனால் டார்கெட் குறைகிற நாட்களில் இடது கை பட்டனை அழுத்தினபடியே கட்டி வைத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு கை தகட்டை வைக்கும், மறு கை பட்டனை அமுக்கும். வேலை ஓடும். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது.

சென்ற வியாழக்கிழமை ஏ ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, சூப்பர்வைசர் கோதண்டராமன் நாலாம் நம்பருக்கு வந்தார். கட்டுவதற்கு ஒயர் அகப்படவில்லை. ஃபிரடியின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த பச்சையும் சாம்பலுமான உல்லன் கயிற்றைக் கேட்டார். ஃபிரடி எடுத்துக் கொடுத்தான். அவர் கட்டினார். ஷிஃப்ட் முடிந்து ஃபிரடி பஸ் ஏறும்போது கயிறு பட்டனிலேயேதான் இருந்தது.

பி ஷிஃப்டுக்கு வந்தவன் அருள்பாண்டி. சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் ஆள். மெஷின் முன்னால் அவன் நின்றது இருபதே நிமிடம்.

இன்று புதன்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு என்கொயரி. அதனால் ஃபிரடிக்கு இன்றைக்கு ஷிஃப்ட் இல்லை.

*

தண்டலத்தில், கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பிளாட் போட்டு விற்ற இடத்தில் அவர்கள் வீடு. காலை ஏழு மணிக்கு ஃபிரடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு மஃப்ளர். பச்சையும் சாம்பலும் இரண்டு இழை சேர்த்துப் பின்னியது. பதினோரு அடி நீளம்.

"யாருக்குடா இது, யானைக்கா?" என்று தங்கை ஜாய் முன்பெல்லாம் கேலி செய்வாள். இன்றைக்குச் செய்யவில்லை.

பின்னலை அவனுக்குக் காட்டிக் கொடுத்தவளே அவள்தான். டீச்சர் ட்ரெய்னிங் படிக்கிறாள். கைவேலை ரெக்கார்டு நோட்டுக்காக வாங்கிய நூல் மிச்சமிருந்தது. அப்போது அண்ணன் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். "சும்மா இதைப் பிடி" என்று இரண்டு ஊசியையும் அவன் கையில் திணித்தாள்.

ஃபிரடிக்கு வந்தது காரணமில்லாத பயம். கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், இதோ செத்துவிடப் போகிறோம் என்று கை கால் விறைக்கும். மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு மனநல டாக்டர்தான் கண்டு சொன்னார். "இது பைத்தியம் இல்லப்பா. வண்டியில ஹாரன் மாட்டிக்கிட்டு விடாம அடிக்கும் பாரு, அந்த மாதிரி. எதிர்ல யாரும் இல்ல. ஆனா சத்தம் நிஜம்." மாத்திரை எழுதினார். பின்னல் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அதை விட்டுடாதே, மாத்திரை மாதிரி அதுவும் ஒரு மருந்துதான்" என்றார்.

வரிசைக்கு இருபத்து நாலு கண்ணி. எண்ணிக்கொண்டே போய், திருப்பி, மறுபடி எண்ண வேண்டும். இருபத்து நாலு வருவதற்குள் மூச்சு திரும்பி வந்துவிடும். கம்பெனிக்குள் ஊசி கொண்டுபோக முடியாது. அங்கே விரல்களிலேயே மாட்டிப் பின்னுவான். அதிலிருந்து கயிறுதான் வரும். கேன்டீனில் அவனுக்குப் பூக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். சிரித்துவிட்டுப் பின்னுவான்.

அம்மா ரோஸிக்கு மட்டும் இது பிடிக்காது. அவன் ஊசியை எடுத்தால் உடனே தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

"தூங்கினியாண்ணா?" என்றாள் ஜாய்.

"படுத்துக்கினு இருந்தேன்."

"என்ன சொல்லப் போறே இன்னிக்கு?"

ஃபிரடி வரிசையை முடித்துத் திருப்பினான். "தெரில. வாய் வருமான்னே தெரில. அன்னிக்கும் அப்படித்தானே. குடுடான்னாரு. தலைக்கு மேல நின்னாரு. அவரு நகர்ந்தாப் போதும்னு இருந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன்."

"நீ கட்டல இல்ல?"

"கட்டினத பாத்துட்டு பஸ்ஸு ஏறுனேன். அதுக்கு இன்னா பேரு ஜாய்?"

ஜாய் பையை எடுத்தாள், புத்தகங்களைத் தேடினாள். "என் கிளாஸு சுகப்பிரியா வேற, என் ரெக்கார்டு நோட்டை வாங்கிட்டுப் போய் ஒரு வாரம் ஆகுது, தரவே இல்ல" என்று முணுமுணுத்தாள். பேச்சை மாற்ற வேறு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை, பாவம்.

ஃபிரடி மஃப்ளரைச் சுருட்டி, துணிக்கடைப் பையில் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளினான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எழுந்தான். ஆறு நாளாக ஆஸ்பத்திரிக்கென்று எழுந்து எழுந்து உட்கார்ந்தவன், இன்றைக்குத்தான் அதற்காக வாசலைத் தாண்டினான்.

*

அருள்பாண்டியின் இடது கை வெள்ளைப் பொட்டலமாகத் தலையணைமேல் இருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவன் அம்மா சொர்ணம்மாள். ராத்திரி பஸ்ஸில் வந்த அதே சேலையில் ஆறாவது நாளாக இருக்கிறாள்.

"இவுகதாம்மா ஃபிரடி அண்ணன். இவுக அம்மா மெஸ்ஸுலதான் நான் சாப்பிடுதேன்" என்றான் அருள்பாண்டி. மருந்து மயக்கத்தில் குரல் இழுத்தது.

"எய்யா, இருய்யா. காப்பி வாங்கியாரட்டா?" என்று அவள் எழுந்தாள். மகன் கை போன நேரத்திலும் வந்தவனுக்குக் காப்பி. ஃபிரடி வேண்டாம் என்று தலையாட்டினான்.

"ஆபீஸ்காரவுக வந்தாவண்ணே. கயிறு யாருதுன்னு கேட்டாவ. தெரியாதுன்னுட்டேன்."

ஃபிரடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தெரியாதா?"

"ஒங்க கயிறு எனக்குத் தெரியாதாண்ணே? கேன்டீன்ல எத்தன நாளு பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கேன்." அருள்பாண்டி குரலைத் தாழ்த்தினான். "ஒங்களுக்கு வேல கன்ஃபர்ம் ஆவப்போவுது. எதுக்கு இழுத்து விடணும்? நீங்க கெட்டியிருக்க மாட்டிய, அது தெரியும். நான் கெட்டலன்னு மட்டும் சொன்னேன். நம்ப மாட்டேங்காவ."

இப்படி ஒரு நல்லவனாக இருந்து தொலைக்காமல் இருந்திருக்கலாம் இந்தப் பையன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஃபிரடிக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சொர்ணம்மாளுக்கு மகன் மெதுவாகச் சொன்னது காதில் விழவில்லை. அவளுக்குத் தன் கவலை.

"இவந்தான் கெட்டுனான்னு எழுதிட்டாவன்னா எல்லாம் இவன் தப்பாயிருமாம்ய்யா. நஷ்டஈடும் கெடையாது, வேலையும் கெடையாதுங்காவ. ஒத்தக் கையோட ஊருக்குக் கூட்டிட்டுப் போயி நான் என்னய்யா செய்வேன்? இவன் கயித்துக்கு எங்க போவான்? பச்சக் கலருல உல்லன் கயிறாம். எவனோ பின்னுனதுதானே அது. அவன் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கேப்பேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுய்யான்னு கேப்பேன்."

ஃபிரடிக்கு நெஞ்சில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. திரும்பி நடந்தான், வராந்தாவுக்கு வந்தான், சுவரில் சாய்ந்தான். கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. பை காலி. வியாழக்கிழமையிலிருந்து அவன் வெளியே நூல் எடுத்துப் போவதில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் விரல்களை எண்ணினான். பதினேழு வரைக்கும்தான் போக முடிந்தது.

*

ரோஸி ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கிறாள். போன் கம்பெனிப் பெண்கள் நூறு பேருக்குச் சமையல்; காசு கொடுத்தால் வெளி ஆட்களும் வாசல் பக்கம் உட்கார்ந்து சாப்பிடலாம். கணவர் பெரியநாயகம் ஹைவேயில் லாரி மோதிப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் மாதாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு ஒரு பர்மனென்ட் வேலை.

காலை டிபனை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தவள் வாசலில் ஒரு பைக்கைப் பார்த்தாள். கோதண்டராமன்.

"ஃபிரடி இல்லீங்களா? பரவால்ல. உங்களாண்டதான் பேசணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசுவார். குரலே உயராது. "கன்ஃபர்மேஷன் லெட்டரு டைப் ஆயிடுச்சும்மா. கையெழுத்துதான் பாக்கி."

ரோஸி மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு பேப்பர் குடுப்பாங்க. கயிறு யாருதுன்னு எனக்குத் தெரியாதுன்னு இருக்கும். ஒரு கையெழுத்து போட்டா மேட்டர் முடிஞ்சுது. அந்தப் பையன் எப்படியும் கான்ட்ராக்டு. அவனுக்கு இனிமே போறதுக்கு இன்னா கீது சொல்லுங்க?"

"அய்யோ, பாவம் சார் அந்தப் புள்ள. என் கையால சாப்டறவன்."

"பாவந்தான். நம்ம புள்ளயும் நாம பாக்கணும் இல்ல? கயிறு இவனுதுன்னு தெரிஞ்சா மொதல்ல இவன்தான் வெளிய போவான். அப்பறம் மாத்திரை சாப்புடறது, டாக்டர்கிட்ட போறது, எல்லாம் வெளிய வரும். கீழ்ப்பாக்கம் கேஸுன்னு பேரு வந்துச்சுன்னா, இந்த ரூட்டுல எந்தக் கம்பெனி சேத்துக்கும்?" எழுந்தார். "வூட்ல அந்த மாதிரி உல்லன் எதுனா கீதாம்மா? பர்சனல் ஆபீஸ்லேந்து யாராவது வந்து பாத்தாலும் பாப்பாங்க. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எம் பொண்ணு சுகப்பிரியாவும் ஜாயும் ஒரே கிளாஸு வேற. உங்க குடும்பம் எனக்கு வேற இல்ல."

பைக் போனது. ரோஸி கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நீங்களும் அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். ஒன்பது வருடம் நூறு பேருக்குச் சோறு வடித்த ஒருத்தி, பிள்ளையின் வேலை ஒரு நூல் உருண்டையில் போய்விடும் என்று கேட்டால் என்ன செய்வாள்? ஊசிகள் இரண்டையும் உருவி ஜன்னல் திட்டில் வைத்தாள். இருந்த நூல் உருண்டைகளையும் அந்தப் பையிலேயே போட்டு இடுப்பில் இடுக்கிக்கொண்டு மெஸ்ஸுக்கு நடந்தாள். பகல் சமையலுக்கு விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பதினோரு அடியையும் மொத்தமாக உள்ளே தள்ளினாள்.

உல்லன் என்று பெயர்தானே, எல்லாம் பிளாஸ்டிக் நூல். அது எரியவில்லை. உருகியது. கறுப்பாகச் சொட்டி, விறகோடு ஒட்டி, மெஸ் முழுக்க ஒரு நாற்றம் கிளப்பியது. ரோஸி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கம்பியால் கிளறிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வந்தது. புகையால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த ஜாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா நாத்தம்?"

ஜாய் அடுப்பைப் பார்த்தாள். சாம்பலுக்குள் கைப்பிடி அளவு கறுப்புக் கட்டி. இடுக்கியால் இழுத்து வெளியே போட்டாள். ஓரத்தில் ஒரு பொட்டுப் பச்சை.

"அம்மா! அண்ணனோடதா?"

"கத்தாத. வேல போயிடும்னு சொன்னாரு. நான் இன்னாடி பண்ணட்டும்?"

"யாரு சொன்னா?"

"கோதண்டராமன் சாரு."

"அவரு சொன்னா எரிச்சிடுவியா? அந்த ஆளுதாம்மா கட்டினதே!"

ரோஸியின் கையிலிருந்த கரண்டி நின்றது. கயிறு மகனுடையது என்பதுவரைதான் அவளுக்குத் தெரியும். யார் கட்டியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மகன் தான்தான் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்து, ஆறு நாளாகக் கேட்காமலே இருந்தாள்.

"இவன் கட்டலயா?" என்றாள், மிக மெதுவாக.

*

மூன்று மணி. கம்பெனியில், ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீஸில் ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீசர் மணிகண்டபிரபு. இந்தப் பக்கம் ஃபிரடி. ஓரத்தில் கோதண்டராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் கயிறு. ஒரு முழம் இருக்கும். பட்டனிலிருந்து எடுக்கும்போது நடுவில் வெட்டியிருந்தார்கள். ஒரு முனையில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. ஃபிரடி அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தான்.

"படிச்சுப் பார்த்து சைன் பண்ணுங்க ஃபிரடி" என்றார் மணிகண்டபிரபு.

'மேற்படி கயிறு யாருடையது என்பது எனக்குத் தெரியாது. நான் பணி முடித்துச் செல்லும்போது இடது பட்டன் கட்டப்படாமல் இருந்தது.'

இரண்டே வரி. இரண்டும் பொய். கீழே அவன் பெயர் டைப் செய்திருந்தது.

பேனாவை எடுத்தான். நெஞ்சுக்குள் ஹாரன். காது அடைத்தது. ஏசி ரூமில் முதுகு நனைந்தது. இதோ, இப்போது, இந்த நாற்காலியிலேயே செத்துவிடப் போகிறோம்.

"உடம்பு சரியில்லயா?"

"டென்ஷன் சார். சின்னப் பையன்" என்றார் கோதண்டராமன். "போடு ஃபிரடி. போட்டுட்டு வூட்டுக்குப் போ."

வியாழக்கிழமையும் இதே குரல்தான். இதே மாதிரி தலைக்கு மேலே நின்று. இவர் நகர்ந்தால் போதும் என்று அன்றைக்குக் கயிற்றைக் கொடுத்தான். இன்றைக்குக் கையெழுத்தைக் கொடுத்தால் நகர்ந்துவிடுவார்.

அவன் கை பேனாவைப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் கவரைப் பிரித்தது.

"ஏய், அது எவிடன்ஸ்!" என்று மணிகண்டபிரபு எழுந்தார். அதற்குள் கயிறு ஃபிரடியின் மடியில் இருந்தது. கறை படாத முனையில் அவன் பின்னி முடிக்காமல் விட்ட நாலு கண்ணிகள் அப்படியே இருந்தன. கழன்றுவிடாமல் இருக்க அன்றைக்கு அவன் செருகிய தீக்குச்சிகூட இருந்தது. தீக்குச்சியை உருவினான். நாலு கண்ணியையும் நாலு விரலில் மாட்டினான். தொங்கிக்கொண்டிருந்த நூலை எடுத்துப் பின்ன ஆரம்பித்தான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. திருப்பி, ஐந்து.

கண் பார்க்காமலே விரல்கள் ஓடின. பழைய பின்னலும் புதுப் பின்னலும் எங்கே சேர்ந்தன என்று சொல்ல முடியாது. இருபத்து நாலு வந்தபோது நூல் தீர்ந்தது. மூச்சு வந்தது.

"என்னுது சார்" என்றான் ஃபிரடி. "நான் பின்னுனது. எனக்குப் பயம் வரும் சார், அதுக்காகப் பின்னுவேன். மாத்திரையும் சாப்பிடறேன். இவரு கேட்டாரு, குடுத்துட்டேன். கட்டுனது இவரு. கட்டுனதப் பாத்துட்டு வாய மூடிக்கினு பஸ்ஸு ஏறுனது நானு. அருள்பாண்டிக்கு ஒண்ணும் தெரியாது."

கோதண்டராமன் சிரித்தார். "பாத்தீங்களா சார்? மெண்டல் கேஸு. அவனே சொல்றான் மாத்திரைன்னு. அந்தப் பையன் இவங்கம்மா மெஸ்ல சாப்புடறவன். பாவம் பாத்து பழிய வாங்கிக்கறான். பின்னத் தெரிஞ்சா கயிறு இவனுதாயிடுமா? பூ கட்டத் தெரிஞ்சவன் எவனும் பண்ணலாம் இத்த."

மணிகண்டபிரபு கயிற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. தைரியசாலியும் இல்லை.

"ஃபிரடி, நீங்க சொல்றதை நான் எழுதிக்கணும்னா எனக்குக் கையில ஏதாவது வேணும். இதே நூல் உங்க வீட்ல இருக்கா?"

ஃபிரடிக்கு முதல் தடவையாக அன்றைக்கு முகம் தெளிந்தது. "கீது சார்! மஃப்ளரு, பதினோரு அடி. இதே பச்சை, இதே சாம்பல், இதே மாதிரி ரெண்டு இழை."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கொண்டு வாங்க. கயிறு உங்க வீட்டு நூல்னு ஆச்சுன்னா, அந்தப் பையன் கொண்டாந்து கட்டினான்னு நான் எழுத முடியாது. ஆனா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை. புரியுதா?"

"புரியுது சார்."

"பத்து மணிக்கு மேல ஃபைல் மேல போயிடும்."

கோதண்டராமன் முகத்தில் கவலையே இல்லை. அது ஏன் என்று ஃபிரடிக்கு அப்போது தெரியவில்லை. உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

*

ஐந்தரை மணிக்கு ஃபிரடி வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் தங்கையும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்குப் போடவில்லை.

"நான் சொல்ட்டேம்மா" என்றான் வாசலில் நின்றபடியே. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எல்லாத்தையும் சொல்ட்டேன். வேல போயிடும்மா, கோச்சிக்காத. வேற தேடிக்கறேன். ஆனா அருளு பொழச்சிக்குவான். மஃப்ளர எடுத்தாரச் சொன்னாரு."

ரோஸி தலையைத் தூக்கவில்லை.

அவன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டான். இந்தப் பக்கம் துழாவினான். அந்தப் பக்கம் துழாவினான். நிமிர்ந்தபோது ஜன்னல் திட்டில் இரண்டு ஊசிகளும் வெறுமனே கிடந்ததைப் பார்த்தான்.

"எங்கம்மா?"

ஜாய் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்துத் தரையில் வைத்தாள். கறுப்புக் கட்டி.

"உன் வேலைக்காகடா" என்றாள் ரோஸி. "உன்னக் காப்பாத்தத்தாண்டா ராஜா. நீதான் கட்டிட்டியோன்னு நான் பயந்துக்கினு இருந்தேன். உன்னாண்ட ஒரு வார்த்த கேக்காம பண்ட்டேன்."

ஃபிரடி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். கட்டியைக் கையில் எடுத்தான். அதன் கனத்தைப் பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆறு மாசமா நான் மூச்சு வுட்டதே இதுலதாம்மா" என்றான்.

அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்தான். உதடு வெளுத்தது. மார்பு ஏறி இறங்கியது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. ரோஸி "மாதாவே, மாதாவே" என்று எழுந்து ஓடிவந்தாள். அண்ணனுக்கு இப்படி வரும்போது ஜன்னலைச் சாத்துவதைத் தவிர அம்மா எதுவும் செய்து ஜாய் பார்த்ததில்லை. இன்றைக்கு அம்மா அவன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் திறந்தேதான் இருந்தது. எதிர் வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

ஜாய் தன் துப்பட்டாவின் ஓரத்தை அண்ணன் விரல்களுக்குள் திணித்தாள். "எண்ணு. என்கூட எண்ணு. ஒண்ணு. ரெண்டு."

விரல் துணியை மடித்தது. மடிப்பு மேல் மடிப்பு.

"பத்து. பதினொண்ணு. பன்னெண்டு. அம்மா, நீயும் எண்ணு."

ரோஸிக்கு இதற்குமுன் எண்ணிப் பழக்கமில்லை. உளறிக்கொண்டே எண்ணினாள். மூன்று பேரும் இருட்டிக்கொண்டு வருகிற அந்த ரூமில் எண்ணினார்கள்.

"இருபத்து ரெண்டு. இருபத்து மூணு. இருபத்து நாலு."

மூச்சு வந்தது. ஒரு நீளமான, கரகரத்த மூச்சு. ஃபிரடி அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தான்.

ஜாய் மட்டும் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தாள்.

"இருபத்து நாலு கண்ணி, பன்னெண்டு வரிசை" என்றாள் தனக்குள். ரெக்கார்டு நோட்டில் அவள் கையால் எழுதிய வரி அது. அதற்குக் கீழே, பின்னிய மாதிரித் துண்டு ஒட்டியிருக்கிறது. பச்சையும் சாம்பலும். பக்கத்தில் தேதி, டீச்சர் கையெழுத்து. அதில் மிச்சமான நூலில்தான் அண்ணன் கயிறு பின்னினான்.

"அம்மா. அந்த நூலு இன்னும் ஒரு எடத்துல இருக்கு."

"எங்கடி?"

"என் ரெக்கார்டு நோட்டுல."

"அத்த எடு!"

"சுகப்பிரியா வாங்கிட்டுப் போயிருக்கா." ஜாயின் குரல் இறங்கிவிட்டது. "கோதண்டராமன் சார் வீட்லம்மா இருக்கு."

சுவர்க் கடிகாரத்தில் ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. கோதண்டராமன் வீட்டுக்குத் திரும்புகிற நேரம் ஆறரை. அவர் பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் ஒட்டியிருப்பது என்ன என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தால், அடுப்பு அவர் வீட்டிலும்தான் இருக்கிறது.

ரோஸி மகனின் தலையை மெல்லத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நானும் வரேம்மா" என்றாள் ஜாய்.

"வாணாம். எரிச்சது நானு, எடுத்தாரதும் நானு." வாசல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "நீ இவங்கூட இரு. நான் வர்ற வரிக்கும் எண்ணிக்கினே இருங்க."